கடல் தட்டா, மண் தட்டா?

பழைய சவன்கலோக் செலடான் தட்டு, அதாவது கண்ணாடி போன்ற பச்சை மெருகிட்டுச் சுட்ட தாய்லாந்துத் தட்டு ஒன்று வாங்கப் போனபோது என் முன்னால் இரண்டு வைத்தார்கள். ஒன்று மூழ்கிய கப்பலில் இருந்து எடுத்தது, இன்னொன்று மண்ணைத் தோண்டி எடுத்தது. இரண்டும் தாய்லாந்தில் யோம் ஆற்றங்கரையில், சி சச்சனாலைச் சூளைகளில் வெந்தவை. அடியைத் திருப்பினால் இரண்டிலும் அதே கரிய வளையம். சூளைக்குள் குழாய் போன்ற தாங்கியின் மேல் நிறுத்திச் சுட்ட தழும்பு அது.

அழகில் மண் தட்டுதான் ஜெயித்தது. கண்ணாடி போன்ற மெருகு, ஆழமான பச்சை. கடல் தட்டு மங்கல், மணல் தேய்த்த இடங்களில் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. ஆனாலும் நான் வாங்கியது அதைத்தான்.

காரணம், மண் தட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இல்லை. தாய்லாந்து மியன்மார் எல்லையில், தாக் பக்கத்து மலைகளில் இருந்த பழைய புதைகுழிகளை 1980களில் கண்டபடி தோண்டினார்கள். அப்படி வந்ததாகவும் இருக்கலாம், நேற்றுச் செய்ததாகவும் இருக்கலாம். தாய்லாந்தில் இருந்து தொல்பொருளை வெளியே கொண்டுபோக நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும். அந்தத் தாளும் இல்லை. புற ஊதா டார்ச் அடித்தேன். விளிம்பில் ஒரு விரல் நீளம் வெளிறி ஒளிர்ந்தது. உடைந்த இடத்தை ஒட்டிப் பூசியிருக்கிறார்கள். கடல் தட்டோடு சான்றிதழ் வந்தது: ராயல் நன்ஹாய் கப்பல், 1460 வாக்கில் மூழ்கியது, 1995இல் மலேசியாவின் கிழக்குக் கரைக்கு அப்பால் கண்டுபிடித்தது. அதிலிருந்து சுமார் 21,000 பொருள்கள் எடுத்தார்கள். பெரும்பாலும் இதே செலடான்தான்.

சரி, கடல் தட்டின் தலைவலிக்கு வருவோம். உப்பு. மெருகில்லாத அடி வழியாகவும் நுண் விரிசல்கள் வழியாகவும் உப்புநீர் உள்ளே ஊறியிருக்கும். தண்ணீர் காய்ந்ததும் உப்பு படிகமாகிப் பருக்கும், மெருகைச் செதில் செதிலாகத் தள்ளிவிடும். உப்பு நீக்கியாயிற்று என்றுதான் விற்றவர் சொன்னார். நம்பாமல் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில் தட்டை ஊறப் போட்டு, வீட்டுக் குடிநீரைப் பார்க்க வாங்கிய, நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பார்த்தேன். ஒரு வாரத்தில் எண் ஏறிவிட்டது. தண்ணீரை மாற்றினேன், மறுபடி ஏறியது, ஆனால் குறைவாக. இப்படி வாரம் ஒரு முறை, ஏறக்குறைய மூன்று மாதம். எண் அசையாமல் நின்ற பிறகு நிழலில் உலர்த்தினேன். வீட்டில் எல்லோருக்கும் சிரிப்பு. ஆனால் அந்த வேலை ஒரு தடவையோடு தீர்ந்தது. அப்புறம் தூசி தட்டுவதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. மண் தட்டை வாங்கியிருந்தால், அது எங்கிருந்து வந்தது என்ற சந்தேகம் எந்த வாளியிலும் ஊறிப் போயிருக்காது.

கப்பல் சரக்குக்கு மறுவிற்பனை எளிது என்கிறார்கள். நான் விற்றுப் பார்த்ததில்லை, அதனால் சத்தியம் செய்ய மாட்டேன். ஒரே கப்பலில் இருந்து ஆயிரக்கணக்கில் வந்தது என்பதால் விலை பெரிதாக ஏறாமலும் போகலாம்.

தட்டின் பின்பக்கம் சுண்ணாம்புக் குழல் மாதிரி ஒரு கடற்புழுவின் கூடு ஒட்டியிருக்கிறது. ஆசிட் விட்டால் போய்விடும் என்றார் ஒரு நண்பர். மெருகும் கெட்டுவிடும். அப்படியே விட்டுவிட்டேன்.