டாங்கி காங் கன்ட்ரி: எனக்கு எல்லாமே அந்த உருளலில்தான்

டாங்கி காங் என்ற குரங்கை ஓட்டிப் போகும் நின்டெண்டோவின் டாங்கி காங் கன்ட்ரி வீடியோ கேம் வரிசையில், ட்ராபிகல் ஃப்ரீஸை ஆடி முடித்த நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்: அடுத்து ரிட்டர்ன்ஸ் ஹெச்டி வாங்கலாமா, இல்லை தொண்ணூறுகளில் சூப்பர் நின்டெண்டோ கன்சோலில் வந்த முதல் மூன்று கேம்களுக்குத் திரும்பிப் போகலாமா? இந்த வரிசையைப் பல வருடங்களாக மாற்றி மாற்றி ஆடி வருகிறேன். எத்தனை உலகம், எத்தனை லெவல், எந்தக் கன்சோலில் கிடைக்கும் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். அதனால் அதையெல்லாம் விட்டுவிட்டு, எனக்குப் பெரிதாகப் படும் ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். குரங்கு உருளுவது.

1994-இல் வந்த முதல் டாங்கி காங் கன்ட்ரியிலேயே இது முழுசாக இருந்தது. ஒய் பட்டனை அழுத்தினால் உருளும், அழுத்திப் பிடித்தால் ஓடும். எதிரியை உருண்டு இடித்தால் வேகம் குறையாது, உருளல் இன்னும் நீளும். வரிசையாக நாலு எதிரி நின்றால் நாலு பேரையும் ஒரே மூச்சில் தள்ளிக்கொண்டு போகலாம். அப்புறம் இதன் உச்சம்: மேட்டின் விளிம்பிலிருந்து உருண்டு வெளியே போய், காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லாத நிலையில் குதிக்கலாம். அப்படிக் குதித்தால் சாதாரணமாக எட்டாத தூரம் எட்டும். எந்த லெவலிலும் இதை யாரும் சொல்லித் தருவதில்லை. பள்ளத்துக்கு மேலே ஓர் ஒற்றை வாழைப்பழம் தொங்கும். அதைப் பிடிக்கப் போகும்போது விரல் தானாகக் கற்றுக்கொள்ளும். ஒரு பட்டன், ஒரு கட்டைவிரல், அதில் தாக்குதலும் ஓட்டமும் தாவலும் சேர்ந்திருக்கின்றன. பிளாட்ஃபார்ம் கேம்களில் இவ்வளவு சிக்கனமான ஓர் அசைவு எனக்குத் தெரிந்து குறைவு.

அதைத்தான் 2010-இல் வீ கன்சோலுக்கு வந்த டாங்கி காங் கன்ட்ரி ரிட்டர்ன்ஸ், கண்ட்ரோலரைக் குலுக்குவதற்கு மாற்றியது. ரிமோட்டைப் படுக்கவைத்துப் பிடித்தாலும் சரி, நன்சக் என்ற துணைக் கண்ட்ரோலரோடு சேர்த்துப் பிடித்தாலும் சரி, உருள வேண்டுமென்றால் குலுக்கித்தான் ஆக வேண்டும். பட்டனுக்கு மாற்றிக்கொள்ள வழியே இல்லை. இருமல் மருந்து பாட்டிலைக் குலுக்குவது போலக் கையைக் குலுக்கி, அந்தக் குலுக்கலை கேம் புரிந்துகொண்டு, பிறகு குரங்கு உருள வேண்டும். இடையில் போகிற அந்தக் கண நேரம், விளிம்பில் நிற்கும்போது ஒரு உயிருக்குச் சமம்.

சரி, அது மட்டும் என்றால்கூடப் பழகிக்கொண்டிருப்பேன். என் கோபம் அதற்கு அடுத்த முடிவின் மேல். நகர்ந்துகொண்டே குலுக்கினால் உருளும். நின்றுகொண்டு குலுக்கினால் தரையை அடிக்கும். குனிந்துகொண்டு குலுக்கினால் ஊதும். மூன்று வேலைக்கும் ஒரே சைகை. சிறிய மேடை ஒன்றின் மேல் இறங்கி, தரையை அடித்து எதையாவது திறக்க வேண்டும் என்று வையுங்கள். இறங்கிய வேகத்தில் கண்ட்ரோலரின் குச்சி ஒரு துளி சாய்ந்திருந்தால் போதும், அடிக்க வேண்டிய குரங்கு உருண்டு நேராகப் பள்ளத்துக்குள் போகும். திறமை குறைந்து சாவது வேறு, நான் கேட்காத ஒன்றை கேம் செய்து சாவது வேறு. முதல் வகைச் சாவு என்னை மறுபடி ஆட வைக்கும். இரண்டாம் வகை எழுந்து போக வைக்கும்.

இதில் எனக்கு ஆறாத விஷயம், அந்த லெவல்கள் அவ்வளவு அழகு. சன்செட் ஷோர் லெவலில் பாத்திரங்களும் தரையும் கறுப்பு நிழலாக மாறி, டாங்கியின் டை மட்டும் சிவப்பாகத் தெரியும். டைடல் டெரரில் பின்னாலிருந்து பேரலை அடித்துக்கொண்டு வரும்; ஒவ்வொரு தடுப்புக்குப் பின்னாலும் ஒளிந்து, அலை அடங்கியதும் ஓடி, மறுபடி ஒளிய வேண்டும். பீப்பாய் பீரங்கி பின்னணிக்குச் சுட்டு அனுப்பும், அங்கே ஆடிவிட்டு முன்னால் திரும்பி வருவோம். தூரம், வேகம், நேரம் எல்லாவற்றையும் அளந்து வைத்த கைகள் அவை. அவ்வளவு நுணுக்கமாக அளந்தவர்கள், அந்த அளவுக்குத் துல்லியமாகப் பதில் சொல்லும் ஒரு பட்டனைக் கொடுக்காமல் விட்டது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

முதல் மூன்றுக்கு வருகிறேன்.

முதல் கேமைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உருளல் அருமை, தண்ணீருக்கடியில் ஒலிக்கும் டேவிட் வைஸின் இசை இன்றும் அப்படியே நிற்கிறது, மைன் கார்ட் கார்னேஜ் லெவல் இன்றும் பதற வைக்கிறது. ஆனால் போனஸ் அறைகளுக்கு ஓர் அடையாளமும் கிடையாது. கண்ட சுவரிலெல்லாம் பீப்பாயை எறிந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு உலகத்தின் முடிவிலும் பெரிய எதிரியோடு வரும் பாஸ் சண்டைகள் மெலிசு. முதலில் வந்த பீவரும் கழுகும் பின்னால் வேறு பெயரில் மறுபடி வந்து நிற்கும். பாத்திரம் திரையில் பெரிதாக இருப்பதால் எதிரே வருவது தாமதமாகத்தான் தெரியும். வேகமாக உருண்டால் முட்டிக்கொள்வோம். உருளச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு உருண்டதற்குத் தண்டிக்கும் குணம் அதில் கொஞ்சம் உண்டு.

1995-இல் வந்த இரண்டாம் கேம் டிடிஸ் காங் குவெஸ்ட் அதைச் சரிசெய்தது. இதில் ஆடுவது டாங்கியின் தோழனான டிடி என்ற குட்டிக் குரங்கை. எப்படிச் சரிசெய்தது என்றால், டிக்ஸி என்ற பெண் குரங்கைத் துணைக்குக் கொண்டுவந்து. டிக்ஸி தலைமுடியைச் சுழற்றி மெல்ல இறங்குவாள். விளிம்பிலிருந்து உருண்டு, வெட்டவெளியில் குதித்து, அந்தத் தாவலின் முடிவில் முடியை விரித்து மிதந்து இறங்குவது... இந்த மூன்றையும் ஒரே ஓட்டத்தில் செய்துவிட்டால், அடுத்த மேடை எவ்வளவு தள்ளி இருந்தாலும் பயம் போய்விடும். வேகமாகப் போவதா, பத்திரமாகப் போவதா என்பதை நானே முடிவு செய்கிறேன். டிடி வேகத்துக்கு, டிக்ஸி நிதானத்துக்கு. தேவைப்பட்டால் ஒருவரை ஒருவர் தோளில் ஏற்றி மேலே எறியலாம். வரிசையிலேயே இவ்வளவு பொருந்திய ஜோடி வேறு இல்லை.

லெவல்களும் அப்படியே. லாவா லகூனில் தண்ணீர் கொதிக்கும். ஒரு சீல் ஊதிக் குளிர வைத்த சற்று நேரத்துக்குள் நீந்திக் கடந்தாக வேண்டும். கிளிமர்ஸ் கேலியனில் இருட்டுக் கப்பலுக்குள் ஒரு மீனின் விளக்கொளியை நம்பி நீந்துகிறோம். ஹார்னெட் ஹோலில் சுவரெல்லாம் தேன், ஒட்டிக்கொண்டு தாவித் தாவி ஏற வேண்டும். பிராம்பிள் பிளாஸ்டில் முள்ளுக்கு நடுவே பீப்பாயிலிருந்து பீப்பாய்க்குப் பாயும்போது வரும் ஸ்டிக்கர்புஷ் சிம்ஃபனியைக் கேட்பதற்காகவே நான் அந்த லெவலைத் திறந்திருக்கிறேன். அத்தனை நெருக்கடியான இடத்துக்கு அவ்வளவு சாந்தமான இசை.

குறைகள் இல்லாமல் இல்லை, அதையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். சேவ் செய்யக்கூட வாழைப்பழ நாணயம் கேட்பது அநியாயம். போனஸ் அறைகளில் ஜெயித்தால் கிடைக்கும் 75 கிரெம்காயின் நாணயங்களைத் தேடும்போது, பார்வைக்கே படாத இடத்தில் ஒளிந்திருக்கும் பீப்பாய்க்காகப் பள்ளத்தில் குதித்துப் பார்க்க வேண்டிய இடங்கள் உண்டு. லாஸ்ட் வேர்ல்ட் என்ற ரகசிய உலகில் இருக்கும் அனிமல் ஆன்டிக்ஸ் லெவலில் கிளியை வைத்துக்கொண்டு காற்றோடு மல்லுக்கட்டுவது கஷ்டம் என்ற எல்லையைத் தாண்டி எரிச்சலுக்குப் போய்விடும். ஸ்விட்ச் கன்சோலின் ஆன்லைன் சந்தாவில் ஆடினால் எங்கே வேண்டுமானாலும் நிறுத்திச் சேமிக்கலாம், பின்னால் ஓட்டியும் ஆடலாம். அதனால் பாதிச் சுமை குறையும்.

1996-இல் வந்த மூன்றாம் கேம் டபுள் ட்ரபிளை எல்லோரும் ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கிட்டி காங் என்ற அந்தப் பெரிய குழந்தையைப் பார்க்கவே பலருக்குப் பிடிக்காது. ஆனால் அவன் உருண்டு வந்து தண்ணீர் மேல் விழும்போது சரியான நேரத்தில் குதித்தால், நீர்ப்பரப்பில் தட்டித் தட்டித் தாவிப் போவான். இதை முதல்முறை செய்தபோது எனக்கு வந்த சந்தோஷம் முதல் கேமில் விளிம்புத் தாவலைக் கண்டுபிடித்ததற்குச் சமம். உலக வரைபடத்தைச் சுற்றிப் படகில் போய்ப் புது இடம் தேடுவதும் பிடிக்கும். பாய்சனஸ் பைப்லைனில் இடமும் வலமும் மாறிப்போவது மட்டும் எதற்கென்றே தெரியவில்லை. அந்த லெவலை நான் திரும்ப ஆடுவதில்லை.

இனி ட்ராபிகல் ஃப்ரீஸ். 2014-இல் வீ யூ கன்சோலில் வந்து, 2018-இல் ஸ்விட்சுக்கு வந்தது. கட்டுமானத்தில் இதை மிஞ்ச இந்த வரிசையில் ஒன்றும் இல்லை என்பதை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். உருளல் பட்டனுக்குத் திரும்பிவிட்டது. ஊதும் வேலையே இல்லை. டிடி சற்று நேரம் காற்றில் நிறுத்திப் பிடிப்பான், டிக்ஸி முடிவில் சற்று மேலே தூக்குவாள், கிழக் குரங்கு கிராங்கி தடியை ஊன்றி முள்ளின் மேலேயே துள்ளுவார். யாரைச் சேர்த்துக்கொள்கிறோமோ அதற்கேற்ப அதே லெவல் வேறாகிறது. டேவிட் வைஸ் திரும்பி வந்திருக்கிறார். தண்ணீருக்குள் இறங்கினால் அதே பாட்டு உருமாறி ஒலிக்கும். கிராஸ்லாந்து க்ரூவில் நிலமே இசைக்கு ஆடுவது போலிருக்கும். ஸ்விட்ச் பதிப்பில் சேர்ந்த ஃபங்கி என்ற குரங்கோடு ஆடினால் புதிதாக வருபவர்களும் திணறாமல் போகலாம்.

அப்படியானால் அதிலேயே முடித்துவிடலாமே என்று கேட்பீர்கள். பாஸ் சண்டைகள்தான் என்னைத் தள்ளி நிறுத்துகின்றன. ஒவ்வொன்றும் கட்டம் கட்டமாக நீண்டுகொண்டே போகும். கடைசிக் கட்டத்தில் தோற்றால் முதல் கட்டத்திலிருந்து மறுபடி. ஆந்தையும் பஃபர் மீனும் முதல் சந்திப்பில் அருமையான எதிரிகள்தான். ஆனால் ஏற்கெனவே கற்றுக்கொண்ட பாடத்தை ஒவ்வொரு தடவையும் முழுசாக ஒப்பிக்க வைத்துவிட்டுத்தான் புதுப் பாடத்துக்கு விடுகிறார்கள். இன்னொன்று, தண்ணீருக்குள் மூச்சு அளவு. முதல் கேமில் நீந்துவது ஓய்வு. இங்கே காற்றுக்குமிழி தேடுகிற ஓட்டம். அவ்வளவு அழகான கடலை நின்று பார்க்க விடமாட்டேன் என்கிறார்கள்.

இப்போது நண்பரின் கேள்விக்கு. 2025 ஜனவரியில் ஸ்விட்சுக்கு வந்த ரிட்டர்ன்ஸ் ஹெச்டியில் பட்டனால் உருளலாம். 2013-இல் 3டிஎஸ் என்ற கையடக்கக் கன்சோலுக்கு வந்த பதிப்பிலேயே அந்த நியாயம் கிடைத்துவிட்டது. அதில் சேர்த்த எட்டு லெவல்களும் கூடுதல் இதயம் தரும் எளிய முறையும் இதிலும் உண்டு. நான் மேலே கொட்டிய புகாரில் பெரும் பகுதி தீர்ந்தது. டைடல் டெரரை பட்டனோடு ஆடிப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு போகிறது, தவறினால் என் தவறு, ஜெயித்தால் என் ஜெயம். பாஸ் சண்டைகளும் ட்ராபிகல் ஃப்ரீஸைவிடச் சீக்கிரம் முடியும். ஆக, நியாயமாகப் பார்த்தால் வாங்குங்கள் என்றுதான் எழுத வேண்டும்.

எனக்கு மனம் வரவில்லை. காரணம், குலுக்கல் போனாலும் குலுக்கலுக்காகப் போட்ட லெவல்கள் அப்படியே இருக்கின்றன. வழியெங்கும் ஊத வேண்டிய பூக்கள், காற்றாடிகள், அடித்துத் திறக்க வேண்டிய தரைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு நாணயமோ புதிர்த் துண்டோ இருக்கலாம் என்பதால் விட்டுவிட்டுப் போகவும் முடியாது. நன்றாக உருண்டு வருகிறேன், வேகம் பிடித்துவிட்டது, அங்கே ஒரு பூ. நின்று, குனிந்து, ஊதி, ஒன்றுமில்லை, மறுபடி முதலிலிருந்து வேகம் பிடிக்க வேண்டும். கையைக் குலுக்கி விளையாடுவது புதுமையாக இருந்த காலத்தில் அதற்கு வேலை கொடுக்க வைத்த பூக்கள் அவை. பட்டன் வந்த பிறகு அவற்றுக்கு வேலையே இல்லை. உருளத் தெரிந்த குரங்கை அடிக்கடி உட்கார வைக்கிற கேம் எனக்கு வேண்டாம்.

அதனால் நண்பருக்கு நான் சொல்வது, டிடிஸ் காங் குவெஸ்டுக்குப் போங்கள். ட்ராபிகல் ஃப்ரீஸைவிட அது நன்றாகக் கட்டப்பட்டது என்று சொல்லமாட்டேன். கட்டப்படவில்லை என்பதை மேலேயே எழுதிவிட்டேன். ஆனாலும் அதுதான். வீட்டில் இன்னொருவர் கூட உட்கார்ந்து ஆட ஆசைப்பட்டால் மட்டும் ரிட்டர்ன்ஸைப் பற்றி யோசிக்கலாம். தெரியாதவர் டிடியாக டாங்கியின் முதுகில் ஏறிக்கொள்ள, தெரிந்தவர் சுமந்துகொண்டு போகலாம், அந்த வசதி நல்லது. தனியாக ஆடுவதென்றால் டிக்ஸியை முன்னால் விட்டு, முதல் கப்பலின் மேல்தளத்திலேயே விளிம்பிலிருந்து உருண்டு குதித்துப் பழகுங்கள். கிரெம்காயின்களை முதல் ஆட்டத்தில் தேடாதீர்கள். பூக்களை ஊதுவதற்காக எங்கேயும் நிற்க வேண்டியதில்லை.