எட்டாத ஹோஸுக்குக் கேபிள் வகை கிளாம்ப் பிளையர்: பயன்படுத்திப் பார்த்த மதிப்பீடு

எஞ்சினுக்குப் பின்புறம், இன்டேக் மேனிஃபோல்டுக்கும் ஃபயர்வால் தகட்டுக்கும் நடுவே ஒரு கை மட்டுமே நுழையக்கூடிய சந்தில் ஓடும் ஹீட்டர் ஹோஸை (காரின் உட்புறத்தைச் சூடாக்க, எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்மமான கூலன்டைச் சூடாகக் கொண்டுசெல்லும் ரப்பர் குழல்) வீட்டிலேயே மாற்ற முனைபவரைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் அந்த ஹோஸ் அன்று. அதன் முனையைக் கவ்விப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் கிளாம்ப்தான். அந்த ஒரு தடையை நீக்குவதற்கென்றே செய்யப்பட்டது கேபிள் வகை கிளாம்ப் பிளையர். என் காரில் கசியத் தொடங்கிய ஹீட்டர் ஹோஸை மாற்றுவதற்காக இதை வாங்கிப் பயன்படுத்தினேன். வாங்கத் தக்க கருவிதான். ஆனால் வேலையில் இது எந்தப் பங்கைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

ஸ்பிரிங் கிளாம்பின் இரண்டு காதுகளையும் (வளையத்திலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் முனைகள்) நெருக்கி அழுத்தினால் வளையம் விரியும். விட்டால் சுருங்கி ஹோஸைக் கவ்விக்கொள்ளும். எஞ்சின் சூடாகும்போது ஹோஸும் அது செருகப்பட்ட குழாயும் விரிவதும், ஆறும்போது சுருங்குவதும், நாள்பட ரப்பர் நசுங்கி மெலிவதும் இயல்பு. இத்தனை மாற்றங்களுக்கும் தானாகவே ஈடுகொடுத்துப் பிடியைத் தளரவிடாமல் வைத்திருப்பதால்தான் கார் நிறுவனங்கள் இந்த வகையை விரும்புகின்றன. திறந்த இடத்தில் சாதாரண பிளையரே இதற்குப் போதும். இடுக்கான இடத்திலோ, காதுகள் நம் கைக்கு எதிர்ப்புறம் திரும்பியிருக்கும். பிளையரின் நீண்ட கைப்பிடிகளை விரிக்க இடம் இருக்காது. வலுவான ஸ்பிரிங்கை விரல் நுனியால் நெருக்கவும் முடியாது.

இந்தக் கருவியில் கிளாம்பைப் பிடிக்கும் வாய் ஒரு முனையிலும், கைப்பிடி மறுமுனையிலும், இரண்டையும் இணைக்கும் உறையிட்ட கம்பி நடுவிலும் இருக்கின்றன. சைக்கிள் பிரேக் வேலை செய்யும் அதே முறைதான். நான் வாங்கியதில் கேபிளின் நீளம் சுமார் 60 செ.மீ. வாயைக் காதுகளில் பொருத்த இரண்டு விரல்கள் உள்ளே போனால் போதும். கைப்பிடியை வெளியே வசதியான இடத்தில் வைத்துக்கொண்டு அழுத்தலாம். அழுத்தத் தொடங்கியதும் கேபிள் முதலில் சற்று விறைக்கிறது, பிறகு வாயின் இரு பற்களும் நெருங்குகின்றன, கைப்பிடியிலுள்ள பூட்டு ஒவ்வொரு பல்லாக ஏறும் ஓசை கேட்கிறது. கிளாம்ப் விரிந்த நிலையில் பூட்டு நின்றுவிடுவதால், கைப்பிடியை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் வேறு வேலைக்குப் பயன்படுத்தலாம். என் பார்வையில் இந்தக் கருவியின் உண்மையான பலம் கேபிளைவிட இந்தப் பூட்டுதான். ஏனெனில், பழைய கிளாம்பைப் பின்னுக்குத் தள்ளுவதைக் காட்டிலும், விரித்த கிளாம்போடு புதிய ஹோஸைக் குழாய் முனையில் வளையமாகப் புடைத்திருக்கும் மேடு தாண்டும்வரை செருகுவதே கடினம். அந்த நேரத்தில் கிளாம்பைப் பிடித்துக்கொண்டிருக்க இன்னொரு கை தேவைப்படாமல் போவது பேருதவி.

குறைகளும் இருக்கின்றன. கேபிளைக் கூர்மையாக மடக்கினால், கைப்பிடியில் தரும் விசையில் பெரும்பகுதி உறைக்குள் உராய்விலேயே வீணாகிறது. அகன்ற வளைவாகக் கொண்டுசெல்ல வழி இருந்தால்தான் முழு பலமும் வாயைச் சேர்கிறது. வாய்ப்பகுதி சற்றுப் பருமனானது. கிளாம்பைச் சுற்றி அந்தப் பருமனுக்கு இடமில்லையென்றால் கேபிள் எவ்வளவு நீளமாக இருந்தும் பயனில்லை. பட்டையான கிளாம்பின் குறுகிய காதுகளில் வாய் சாய்வாக உட்கார்ந்தால் நழுவிவிடும். விரிந்த ஸ்பிரிங் விடுபடும் வேகம் சாதாரணமானதன்று என்பதால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அவசியம். பூட்டை விடுவிக்கும் நெம்புகோலும் சற்று முரட்டுத்தனமாகவே திறக்கிறது. கைப்பிடியை இன்னொரு முறை இலேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டு விடுவித்தால் கை அதிராது.

கருவி செய்யாத பங்கு, கிளாம்ப் விலகிய பிறகு தொடங்குகிறது. பல ஆண்டுகள் சூட்டில் கிடந்த ரப்பர், குழாயோடு ஒட்டிப்போயிருக்கும். அதைப் பிளையரால் பிடித்து முறுக்கி இழுப்பது ஆபத்தான குறுக்குவழி. ஹீட்டர் கோரின் (கூலன்டின் சூட்டைக் காருக்குள் வரும் காற்றுக்குத் தரும் பகுதி) குழாய்கள் மெல்லியவை, வளைந்தாலோ இணைப்பில் விரிசல் விட்டாலோ டாஷ்போர்டையே கழற்ற வேண்டிய நிலை வரலாம். எப்படியும் தூக்கி எறியப்போகும் ஹோஸ்தான் என்பதால், குழாயில் கீறல் விழாதபடி அதன் முனையை நீளவாக்கில் கத்தியால் கவனமாகக் கிழித்து உரித்தெடுப்பதே நல்லது. வளைந்த முனையுள்ள ஹோஸ் கொக்கி ஒன்றையும் சேர்த்து வாங்கிக்கொண்டால், கத்தி எட்டாத இடத்தில் ரப்பருக்கும் குழாய்க்கும் இடையே நுழைத்து ஒட்டலை விடுவிக்கலாம். இந்தக் கொக்கி இல்லாமல் கிளாம்ப் பிளையர் மட்டும் வாங்குவதைப் பாதிக் கருவி வாங்குவதாகவே கருதுகிறேன்.

எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகே கூலன்ட் மூடியைத் திறந்து அதை வடிக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை. அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் நூறு டிகிரி செல்சியஸைத் தாண்டியும் கொதிக்காமல் இருந்து, மூடி திறந்த கணத்தில் பீறிட்டு வரும். எத்திலீன் கிளைக்கால் உள்ள கூலன்ட் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. ஆகையால், தரையில் சிந்தியதை நாயோ பூனையோ நக்கிவிடாதபடி உடனே துடைத்துவிட வேண்டும்.

புதிய ஹோஸைச் செருகுவதற்கு முன், குழாயில் ஒட்டியிருக்கும் பழைய ரப்பர்த் துணுக்குகளையும் படிந்த உப்பையும் தேய்த்து எடுத்துவிட வேண்டும். வழுக்கலுக்குச் சிறிது கூலன்டையே தடவினால் போதும். பெட்ரோலிய கிரீஸ் கூடவே கூடாது. கூலன்ட் ஹோஸ்களில் பெருவழக்காக உள்ள ஈ.பி.டி.எம். ரப்பர் அதில் ஊறி உப்பிவிடும். கிளாம்பின் காதுகள் அடுத்த முறை கைக்கு எட்டும் திசையில் இருக்கும்படி, செருகுவதற்கு முன்பே திருப்பி வைத்துக்கொள்ள வேண்டும். கிளாம்ப், குழாயின் மேட்டின் மேல் ஏறி உட்காராமல், அதைத் தாண்டி உட்புறமாக அமர வேண்டும்.

கருவிக்குச் செலவு செய்வதற்குப் பதிலாக, ஸ்பிரிங் கிளாம்பை எறிந்துவிட்டு, திருகி முடுக்கும் ஸ்குரூ கிளாம்ப் போட்டுவிடலாம் என்று சொல்பவர்கள் பலர். கைக்கு எட்டும் இடத்தில் அது சரி. எட்டாத இடத்தில் அதை நான் ஏற்கவில்லை. ரப்பர் நசுங்கிய பிறகு ஸ்குரூ கிளாம்பை மீண்டும் முடுக்க வேண்டியிருக்கும், அப்போது அதே சந்துக்குள் மறுபடியும் கையை நுழைத்தாக வேண்டும்.

வாங்கும்போது, வாயிலுள்ள பற்கள் சுழலும் வகையா என்று பாருங்கள். காதுகளின் சாய்வுக்கேற்பத் திரும்பும் பற்கள் நழுவுவது குறைவு. கேபிள் தளர்ந்தால் சரிசெய்யும் திருகு இருக்கிறதா என்பதையும், பூட்டு பாதியில் நின்றாலும் பிடியை விடாமல் இருக்கிறதா என்பதையும் கடையிலேயே ஒரு கிளாம்பை வைத்து அழுத்திப் பார்த்துவிடுங்கள்.