சொரோசாபலோட "துறைமுகத்து மதுக்கடைக்காரி" சிடி, ஒரு வாரம் கேட்டுட்டு எழுதுறேன்

ஒரு வாரமா வீட்டுல இந்த ஒரே சிடிதான் ஓடுது. ஸ்பெயின் இசையமைப்பாளர் பாப்லோ சொரோசாபல் இசையமைச்ச 'லா தபெர்னேரா தெல் புவெர்தோ', தலைப்புல நான் சொன்னதுதான் அதுக்கு அர்த்தம். பிளாசிடோ டொமிங்கோ, மரியா பாயோ, ஹுவான் போன்ஸ் பாடியிருக்காங்க, விக்தர் பாப்லோ பெரேஸ் கலீசியா சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை நடத்தியிருக்கார். ஆன்லைன்ல செகண்ட் ஹேண்டா வாங்கினேன், பாக்ஸ் மூலை உடைஞ்சுதான் வந்துச்சு, ஆனா சிடில ஒரு கீறல் இல்ல, அதனால மனசு ஆறிடுச்சு.

இது சர்சுவேலா. ஸ்பெயின்காரங்களோட இசை நாடகம், நடுநடுவுல வசனம் வரும், அப்புறம் பாட்டு. கதை வடக்குக் கடற்கரையில ஒரு கற்பனை ஊர்ல நடக்குது. மரோலான்னு ஒரு பொண்ணு மதுக்கடை நடத்துறா, ஊரே அவ மேல கண்ணு வச்சிருக்கு. லெயாந்த்ரோங்கிற மீனவன் அவளை உயிரா நேசிக்கிறான். அவளோட இருக்குற ஹுவான் தே எகியாவை ஊரு அவ புருஷன்னு நினைக்குது, நிஜத்துல அவன் அவளோட அப்பன், கொக்கைன் கடத்துறவன். அந்தக் கடத்தல்ல இவளுக்கும் பங்கு இருக்குன்னு காதுல விழுந்ததும் லெயாந்த்ரோ பாடுறதுதான் 'நோ புவேதே செர்', "இருக்கவே முடியாது"ன்னு அர்த்தம். 1990-ல ரோம்ல மூணு டெனர்கள் (டெனர்னா உச்ச ஸ்தாயி ஆண் குரல்) கச்சேரியில டொமிங்கோ பாடினாரே, அதே பாட்டு. அங்க அது கைதட்டல் வாங்குற பாட்டு, இங்க கதையோட கேக்கும்போது வேற மாதிரி இருக்கு. அவ நல்லவதான்னு சொல்லிச் சொல்லி தன்னையே நம்ப வைக்கப் பார்க்குறான், நடுவுல அவ கண்ணைப் பத்தி பாடும்போது குரல் இளகுது, அடுத்த நிமிஷம் திரும்ப அந்த சந்தேகம் வந்து நெஞ்சை அடைக்குது. டொமிங்கோவுக்கு அப்போ அம்பது தாண்டியாச்சு, இளவட்ட மீனவன் குரல் இல்லதான், ஆனா அந்த வேதனை நிஜம்.

எனக்கு அதைவிடப் பிடிச்சது மரியா பாயோ. மரோலா பாடுற ஒரு பாட்டு, ஒரு கிழக் கலைஞனுக்கு மந்திரப் புல்லாங்குழல்தான் சொத்துன்னு கதை மாதிரி ஆரம்பிக்கும், போகப் போக பாடுறவ குரலே குருவியா மாறிடும். அந்த மேல் ஸ்தாயிச் சங்கதிகளை பாயோ காட்டுறதுக்காகப் பாடல, கதை சொல்லிட்டே போற வழியில சும்மா உதிர்த்துட்டுப் போறாங்க. ஹெட்போன்ல கேளுங்க. கோரஸ் சான் செபாஸ்டியனோட ஓர்ஃபியோன் டோனோஸ்தியாரா. அந்தக் குழு தொடங்குனதும் 1897, சொரோசாபல் அதே ஊர்ல பொறந்ததும் 1897.

சொரோசாபல் சாதாரண பாஸ்க் (வட ஸ்பெயின்ல தனி மொழி பேசுற இனம்) தொழிலாளி வீட்டுப் பிள்ளை. வயலின் வாசிச்சுப் பிழைச்சு, ஸ்காலர்ஷிப்ல லைப்ஸிக் போய்ப் படிச்சவர். இந்த நாடகம் பார்சிலோனாவுல மேடையேறினது 1936 மே மாசம், ஜூலைல உள்நாட்டுப் போர் வந்துடுச்சு. போர்க்காலத்துல மாட்ரிட் நகராட்சி பேண்டை நடத்தினார், சர்வாதிகாரி ஃபிராங்கோ போர்ல ஜெயிச்சதும் அந்த வேலை போச்சு. அப்புறமும் வளையல. 1952-ல அவர் நடத்தின மாட்ரிட் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவுல சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சோட ஏழாவது சிம்பொனியை வாசிக்கக் கூடாதுன்னு தடுத்தாங்க, பதவியை விட்டுட்டுப் போயிட்டார். 1968-ல முடிச்ச 'ஹுவான் ஹோசே' ஓபராவை மேடையில பார்க்காமலே 1988-ல செத்துப்போனார், 2009-லதான் அவர் ஊர்லயே கச்சேரியா கேட்டாங்க, 2016-ல மாட்ரிட்ல நாடகமா போட்டாங்க. நாப்பது வருஷத்துக்கும் மேல ஒரு ஓபரா காத்துக் கிடந்திருக்கு, எனக்கு இது ரொம்ப வலிக்குது.

மதுக்கடைக்காரிக்கு, சொரோசாபலே நடத்தி, அல்ஃப்ரெதோ க்ராவுஸ்ங்கிற ஸ்பெயின் டெனர் பாடின பழைய ரெக்கார்டிங்கும் இருக்கு. க்ராவுஸ் குரல் கத்தி முனை மாதிரி, லெயாந்த்ரோ வயசுக்கு அதுதான் பொருத்தம், எழுதினவர் கையிலயே பேட்டன் இருக்கிறதும் சும்மா விஷயம் இல்ல. ஆனா ஒலி பழசு. மூணாவது அங்கத்துல கடல்ல புயல் அடிச்சு படகு தத்தளிக்கிற இடத்துக்கு ஆர்கெஸ்ட்ரா முழுசா விரிஞ்சு கேக்கணும், அதுக்கு இந்த டொமிங்கோ சிடிதான்.

கதையைப் படிக்காம சிடியைப் போடாதீங்க, பாதி போயிடும். ஒண்ணுதான் வாங்க முடியும்னா இதை வாங்குங்க, க்ராவுஸ் பாடின 'நோ புவேதே செர்' மட்டும் தனியா தேடிக் கேளுங்க. பிடிச்சுப்போச்சுன்னா 'மைத்தே'ன்னு இவரோட பாட்டு ஒண்ணு, அதையும் ஓர்ஃபியோன் கோரஸ்ல கேளுங்க. அது சோர்ட்சிகோன்னு பாஸ்க்காரங்களோட அஞ்சு எண்ணிக்கை தாளத்துல அமைஞ்சது, நம்ம கண்ட சாபு போட்டுப் பழகின கை தானா தொடையில தட்ட ஆரம்பிச்சிடும்.