உண்ணி மருந்து: பாட்டிலா, சொட்டா, மாத்திரையா?

கோரங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் கிளுவை வேலியோரம் சுற்றிவிட்டுக் கட்டுத்தரையில் படுத்துக் கிடக்கும் நாயின் காதைத் திருப்பிப் பாருங்கள். கொட்டைமுத்து மாதிரி உண்ணி உப்பியிருக்கும். சரி, என்ன மருந்து போடுவது?

எங்கள் பக்கம் கைக்கு முதலில் எட்டுவது மாட்டு உண்ணிக்கு வாங்கிய மருந்துப் பாட்டில்தான். அமிட்ராஸ் என்றால் பெரும்பாலும் 12.5 சதவீதம், டெல்டாமெத்ரின் என்றால் 1.25 சதவீதம். விலை மலிவு, உண்ணியும் உதிரும். ஆனால் லிட்டர் தண்ணீருக்குச் சில மில்லிதான் கணக்கு. அங்கேதான் நான் சறுக்கினேன். காலையில் அமிட்ராஸ் ஊற்றிக் குளிப்பாட்டிய நாய் மதியம் சோற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்தால் கால் பின்னியது.

"மூடில எத்தனைங்க ஊத்துனீங்க?" என்றார் டாக்டர்.

"கண்ணளவுதானுங்க சார்."

நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தவர், துடிப்பு குறைந்திருக்கிறது என்றார். அமிட்ராஸ் அதிகமானால் அப்படித்தான்: மயக்கம், இதயத் துடிப்பு குறைவு, சர்க்கரை ஏற்றம். நாய் பிழைத்தது. அந்தப் பாட்டில் இப்போது மாட்டுக்கு மட்டும்.

பிடரிச் சொட்டு மருந்தில் இந்தக் கலக்கும் வேலையே இல்லை. ஃபிப்ரோனில் சொட்டு 10, 20, 40 கிலோ என்று நாயின் எடை வாரியாக வருகிறது. பெரிய நாய்க்கான குப்பியை வாங்கி இரண்டு குட்டிகளுக்குப் பங்கு போடுகிற சிக்கனம் வேண்டாம். இரண்டு தோள்பட்டைக்கு நடுவே முடியை வகிர்ந்து, தோல் தெரிந்ததும் குப்பி முனையை வைத்து அழுத்த வேண்டும். முடிமேல் விட்டால் வீண். முன்னும் பின்னும் 48 மணி நேரம் குளிப்பாட்டக் கூடாது. காயும்வரை குழந்தைகள் தடவக் கூடாது, கூட இருக்கும் நாய் நக்கக் கூடாது. வாய்க்காலைக் கண்டதும் குதிக்கிற நாய்க்கு இதெல்லாம் நடக்கிற காரியமா?

வீட்டில் பூனை இருந்தால் அட்டையைக் கட்டாயம் படியுங்கள். பெர்மெத்ரின் என்று இருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். நாய்க்கு ஒன்றும் செய்யாத அளவு பூனைக்கு நடுக்கம், வலிப்பு, சாவு வரை கொண்டுபோகும். பூனையின் ஈரலுக்கு அதை முறிக்கும் திறன் குறைவு. மருந்து ஈரமாக இருக்கும்போது நாயை ஒட்டிப் படுத்தாலே ஆபத்து. முயல் வளர்ப்பவர்கள் ஃபிப்ரோனிலை முயல் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

உண்ணி மருந்து ஏற்றிய கழுத்துப்பட்டை மாதக்கணக்கில் வேலை செய்யும். பட்டி நாய்கள் ஒன்றின் கழுத்தை ஒன்று கடித்து விளையாடும் இடத்தில் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

மாத்திரைதான் விலை அதிகம். அஃபாக்சோலானர் ஒரு மாதம், ஃப்ளுரலானர் 12 வாரம் தாங்கும். தோலில் எதுவும் ஒட்டாததால் பூனைக்கும் பேரக்குழந்தைக்கும் பயமில்லை, வாய்க்கால் குளியலும் தடையில்லை. ஆனால் உண்ணி கடித்த பிறகுதான் சாகும். வலிப்பு வந்த நாய்க்கு டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2018இல் இந்த வகை மாத்திரைகளுக்கு அப்படி எச்சரித்தது.

அதனால் தோட்டத்து நாய்க்கு மாத்திரை, திண்ணையைத் தாண்டாத கிழட்டு நாய்க்கு ஃபிப்ரோனில் சொட்டு என்று பிரித்துவிட்டோம். அப்புறம், ரத்தம் குடித்த பெண் உண்ணி கீழே விழுந்து சுவர் இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய் படுக்கும் மூலையில் வெடிப்புகளைச் சிமெண்ட் வைத்து அடைக்கக் கொத்தனாரை வரச் சொல்லியிருக்கிறேன்.