இடிக்குப் பின் ரவுட்டர் சோதனை: கட்டளையா, பிளக்கா, மடிக்கணினியா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் நான் பழுது பார்க்கும் ரவுட்டர்களில் பெரும்பாலானவை மாலை இடிமழைக்குப் பிறகே படுக்கின்றன. அண்மையில் ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்தில், "ரவுட்டரைச் சோதித்தாயிற்று, லைன்தான் போய்விட்டது" என்று இரண்டு நாள் காத்திருந்தார்கள். சம்பளப் பட்டியலை அனுப்ப வழியில்லாமல் கிராணி (அலுவலக எழுத்தர்) தவித்துப் போனார். அனுப்பியதை அதே இடத்துக்கே திருப்பிவிடும் லூப்பேக் பிளக்கைக் கேபிள் செருகும் போர்ட்டில் செருகினேன், விளக்கு எரியவில்லை. பக்கத்துப் போர்ட்டில் செருகியதும் பச்சை எரிந்தது.

"அப்படியென்றால் கோளாறு இங்கேயேதானா, தம்பி?" என்றார் கிராணி.

இங்கேயேதான். அவர்கள் முன்பு செய்தது, ரவுட்டருக்குக் கட்டளை தட்டிச் செய்யும் கட்டளை வழிச் சோதனை. அது தகவலைச் சிப்புக்குள்ளேயே திருப்பிவிடும். மின்னல் அடிப்பதோ கேபிள் வந்து சேரும் விளிம்பை. அந்த இடத்தைத் தொடாமலே சோதனை தேறிவிடுகிறது. கருவி தன்னையே குறிக்கும் 127.0.0.1 முகவரிக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சிறு செய்தி) அடிப்பது இன்னும் வீண், அது போர்ட்டை எட்டிக்கூடப் பார்க்காது. ஆனாலும் கட்டளைச் சோதனையை நான் ஒதுக்கிவிட மாட்டேன். செம்மண் பாதையில் வண்டியை விரட்டாமல் வீட்டிலிருந்தே செய்யலாம். அதில் தோற்றால் ரவுட்டர் பழுது என்று துணிந்து சொல்லலாம். தேறினால்தான் நம்பக் கூடாது.

பிளக் செய்ய ஓர் ஆர்ஜே45 தலையும் (நெட்வொர்க் கேபிளின் நுனிச் செருகி) விரல் நீளக் கம்பி இரண்டும் போதும். ஒரு கம்பி 1ஆம் துளையிலிருந்து வளைந்து 3க்கு, மற்றது 2இலிருந்து 6க்கு. அனுப்பியது அப்படியே தன்னிடம் திரும்பி வரும். நொடிக்கு 1000 மெகாபிட் ஓடும் கிகாபிட் போர்ட்டில் சில வேளை விளக்கே எரியாது. அங்கே இரு முனைகளும் முதலில் பேசி ஒத்துப்போக வேண்டும், தன்னோடு தானே பேசும் போர்ட்டுக்கு அது கைகூடாமல் போகலாம். வேகத்தை 100 மெகாபிட்டுக்குக் குறைத்த பிறகே தீர்ப்புச் சொல்லுங்கள். அப்போதும் கேபிளின் நான்கு கம்பி இணைகளில் இரண்டைத்தான் சோதித்திருக்கிறோம்.

பிளக்கின் முழு அருமை ஈ1 எனப்படும் 2.048 மெகாபிட் தொலைத்தொடர்பு லைன் உள்ள பழைய ரவுட்டர்களில்தான் தெரியும். அங்கே 1ஐ 4உடன், 2ஐ 5உடன் இணைக்க வேண்டும். சிஸ்கோ நிறுவன ரவுட்டரில் எச்டிஎல்சி என்ற தகவல் அனுப்பும் முறையை வைத்தால், லைன் சுற்றில் இருப்பதைத் திரையே சொல்லும். தன் முகவரிக்கே பிங் அடித்து வன்பொருளை உறுதி செய்துகொள்ளலாம். பிபிபி என்ற மற்றொரு முறையில் விட்டுவிட்டால் ரவுட்டர் தன் குரலையே அடையாளம் கண்டு இணைப்பை மறுத்துவிடும். இது தெரியாமல் நல்ல கார்டைக் கழற்றி எறிந்தவர்கள் உண்டு, பார்க்கவே வயிறு எரியும்.

கிகாபிட் ஈதர்நெட்டுக்கு என் கை முதலில் போவது மடிக்கணினிக்கும் சோதித்த கேபிளுக்கும்தான். நான்கு இணைகளும் உண்மையான வேகத்தில் ஓடும், பிழை எண்ணிக்கை ஏறுகிறதா என்றும் பார்க்கலாம். பிளக் அதற்கு ஈடாகாது. ஆனால் கொட்டும் மழையில், மின்சாரப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒண்டி நின்று எட்டுப் போர்ட்டுகளைப் பார்க்க வேண்டியிருந்தால் பிளக்தான்.

வீட்டுக்கு வரும் ஜிபான் எனும் ஒளியிழை (ஃபைபர்) இணைப்புக்கு இந்த வித்தை பலிக்காது. ஒரே இழையில் 1310 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அனுப்பி 1490இல் வாங்குகிறது. வளைத்து மாட்ட அங்கே இரண்டாவது முனையே இல்லை.