இருபதே நிமிஷத்தில் கருத்த முடி

எனக்கு வயசு 26. மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளி மொத்தக் கடையில கணக்கு பார்க்கிறேன். 21 வயசுல காதோரம் ஆரம்பிச்ச நரை, 25-ல முன்மண்டைக்கு வந்துருச்சு. கடைக்கு வர்ற நாப்பது வயசுக்காரங்க என்னை "அண்ணே"ன்னு கூப்பிடுவாங்க, அதைக்கூட சிரிச்சுட்டே விட்டுருவேன். பொண்ணு பார்க்க ஆரம்பிச்சப்போதான் சிக்கல். தரகர் என் போட்டோவைப் பார்த்துட்டு, "தம்பி, வேற போட்டோ இருந்தாக் குடுங்க"ன்னார். வேற போட்டோன்னா கறுப்பு முடியோட ஒண்ணுன்னு எங்கம்மாவுக்கே புரிஞ்சுபோச்சு.

அந்த வாரம்தான் பைபாஸ் ரோட்டுல இருக்கிற ஒரு முடி சிகிச்சை மையத்துக்குப் போனேன். புகார் நடக்குது, அதனால பேரு போடல. இளநரைக்கு அலையுற மதுரைப் பிள்ளைகளுக்காக நடந்ததை மட்டும் எழுதுறேன்.

உள்ள போனதும் தலையில ஒரு குட்டிக் கேமராவை வெச்சு டிவியில காட்டினாங்க. அவ்வளவு பெரிசாக் காட்டினா எவன் மண்டையும் கருவேலங்காடு மாதிரிதான் தெரியும். அன்னைக்கு எனக்கு அது உறைக்கல. வெள்ளைக் கோட்டு போட்ட ஒருத்தர், "வேர் தூங்குது, எழுப்பிவிட்டாப் போதும்"னார். எல்லாரும் அவரை டாக்டர்னாங்க. என்ன படிச்சிருக்கார்னு நான் கேக்கல. ஆறு மாச பேக்கேஜ் 18,500 ரூபாய். ஒரு எண்ணெய், பயோட்டின்ங்கிற வைட்டமின் மாத்திரை, மூணு வாரத்துக்கு ஒருதடவை தலையில பூச "மூலிகைப் பொடி". மருதாணி, அவுரி, கரிசலாங்கண்ணி, கடுக்காய், கெமிக்கலே கிடையாதுன்னு சத்தியம் பண்ணாத குறை. ரத்தப் பரிசோதனைன்னு ஒரு வார்த்தை வரல. பணத்தை ஜிபேல அனுப்பினா, கடை பேரு வராம ஏதோ ஒரு ஆளு பேரு வந்துச்சு. கணக்கு எழுதிப் பிழைக்கிறவன், அங்கயே எழுந்து வந்திருக்கணும்.

முதல் தடவை அவங்களே பூசிவிட்டாங்க. இருபது நிமிஷம். அலசிப் பார்த்தா காக்கா இறகு மாதிரி இருக்கு. அம்மா சுத்திப் போட்டாங்க. அப்பத்தா மட்டும், "உங்க தாத்தா மாலை மாத்தையிலயே பாதித் தலை வெள்ளைடா, நான் என்ன ஓடியா போயிட்டேன்?"னு சொல்லிட்டு வெத்தலையை மடிச்சாங்க.

மூணு வாரத்துல வேர்ல வெள்ளைக் கோடு. போய்க் கேட்டா, "பழைய நரை வெளியே தள்ளுது தம்பி, மருந்து பிடிக்குதுன்னு அர்த்தம்"னாங்க. இந்த ஒரு வசனத்துல ஒன்றரை மாசம் ஓடிருச்சு. முடி மாசத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். வைத்தியம் நிஜமா வேலை செஞ்சா வேர் கறுப்பாவும் நுனி வெள்ளையாவும்தானே இருக்கணும்? என் தலையில அது தலைகீழா இருந்துச்சு. கண்ணாடி முன்னாடி தினமும் நின்னும் இந்தக் கணக்கை நான் போடல.

மூணாவது தடவை பூசினப்போ அரிப்பு. "பித்தம் இறங்குது"ன்னாங்க. நாலாவது தடவை பூசின ராத்திரி காதுக்குப் பின்னாடி எரிஞ்சுது. மறுநாள் நெத்தி வீங்கி, அதுக்கு மறுநாள் ரெண்டு கண்ணும் திறக்க முடியல. தலையில இருந்து நீர் கசிஞ்சு தலகாணி நனைஞ்சிருந்தது. மாமா பைக்ல வெச்சு பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனார்.

தோல் பிரிவுல இருந்த டாக்டரம்மா பொடி டப்பாவைக்கூட வாங்கல. "பூசி எவ்வளவு நேரத்துல கருத்துச்சு?"ன்னு மட்டும் கேட்டாங்க. இருபது நிமிஷம்னேன். "எந்த இலையும் அப்படிக் கருக்காது தம்பி"ன்னாங்க. மருதாணி மட்டும் பூசினா செம்பட்டைதான் வரும். அதுக்கு மேல அவுரியைப் பூசி மணிக்கணக்குல ஊறினாத்தான் கறுப்பு. நிமிஷத்துல கருக்குதுன்னா உள்ள பிபிடி, அதாவது பாராஃபினைலின்டையமின்ங்கிற சாயக் கெமிக்கல் இருக்க வாய்ப்பு அதிகம். கடையில விக்கிற பல டை பாக்கெட்டுகள்லயும் அதுதான் இருக்கு. ஆனா அதுல எச்சரிக்கையும், காதுக்குப் பின்னாடி கொஞ்சம் தடவி 24 மணி நேரம் பார்க்கணும்ங்கிற குறிப்பும் சட்டப்படி இருக்கணும். என் டப்பாவில ஒரு மூலிகைப் படம்தான். தயாரிச்ச இடமோ பேட்ச் நம்பரோ கிடையாது. முதல் ரெண்டு தடவை ஒண்ணும் செய்யாம, உடம்பு அதை எதிரியாக் குறிச்சு வெச்சுக்கிட்டு அப்புறம் திருப்பி அடிக்கிறதுதான் இந்த ஒவ்வாமையோட குணமாம். இனி ஆயுசுக்கும் அந்தச் சரக்கு ஆகாது. கல்யாண வீட்டுல வைக்கிற கறுப்பு மருதாணி கோன்கூட தொடக்கூடாதுன்னாங்க.

வீக்கம் வத்த பத்து நாள் ஆச்சு. அப்புறம்தான் ரத்தம் எடுத்தாங்க. அதுக்கும் முன்னாடி பயோட்டினை நிறுத்தச் சொன்னாங்க, அது தைராய்டு முடிவைத் தப்பாக் காட்டிரும். தைராய்டு சரி. பி12 வைட்டமின் ரொம்பக் குறைவு. ஒரு வருஷமா பாதத்துல எறும்பு ஊருற மாதிரி இருந்ததை நான் கடையில நின்னு நின்னு வந்த வலின்னு நினைச்சிருந்தேன். "பி12 ஊசி உங்க காலுக்கு, முடிக்குன்னு நினைச்சுக்காதீங்க"ன்னாங்க டாக்டரம்மா. சத்துக் குறைவால வந்த நரை சிலருக்குக் கொஞ்சம் திரும்புமாம். எங்க அப்பாவுக்கு 23 வயசுலயே நரை, தாத்தாவுக்குக் கல்யாணத்தப்பவே. பரம்பரையா வந்ததைத் திருப்ப நிரூபிச்ச மருந்து இல்லைன்னு ஒளிக்காமச் சொன்னாங்க.

பணத்தைக் கேட்டுப் போனா, "உங்க உடம்பு சூடு"ன்னாங்க. இளநரையைக் குணமாக்கும்னு எந்த மருந்துக்கும் சொல்லிக்கக்கூடாதுன்னு 1945-ஆம் வருஷ மருந்து விதிகள்ல, ஜே அட்டவணையிலயே இருக்கு. அதை போன்ல காட்டினதும் சத்தம் குறைஞ்சுது. 1915 நுகர்வோர் உதவி எண்ல புகார் பதிஞ்ச பிறகு 8,000 அனுப்பினாங்க, அதுவும் ஜிபேல, அதே ஆளு பேர்ல இருந்து. மீதிக்கு நுகர்வோர் ஆணையத்துல மனு எழுதிட்டு இருக்கேன். சம்பவம் நடந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், நாம குடுத்த பணம் அஞ்சு லட்சம் வரைக்கும்னா மனுவுக்குக் கட்டணம் இல்லை.

அங்க பேக்கேஜ் எடுத்தவங்க யாராவது இதைப் படிச்சா, டப்பாவைத் தூக்கிப் போட்டுறாதீங்க. வாட்ஸ்அப்ல அவங்க "100 சதவீதம் கருக்கும்"னு அனுப்பினதையும் அழிச்சுறாதீங்க. என் டப்பா பாலித்தீன் பையில கட்டி மொட்டை மாடி தண்ணித் தொட்டிக்குக் கீழ கிடக்கு. வீட்டுக்குள்ள வெக்க அம்மா விடல.