முள்ளெலிக்குப் பூனைத் தீனியா, புழு பூச்சியா?

ஆப்பிரிக்கக் குள்ள முள்ளெலி வளர்ப்பவர்களிடையே தீனி விஷயத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. காட்டில் தின்பதையே கூண்டிலும் தின்ன வேண்டும், ஆகவே புழு பூச்சியே போதும் என்பது ஒரு கட்சி. தரமான பூனைத் தீனியை அடிப்படையாக வைத்துக்கொண்டு பூச்சியை அளவோடு சேர்த்தால் நல்லது என்பது மற்றொன்று. சேலத்தில் ஒரு பெண் முள்ளெலியை வளர்த்துவரும் நான் இரண்டாவது கட்சிக்காரன். முதல் கட்சியின் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் டப்பாவில் வாங்கும் புழு காட்டு இரைக்கு ஈடாகாது என்பதை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

காட்டு முள்ளெலி பகலெல்லாம் புதரிலும் பொந்திலும் சுருண்டு கிடந்து, இருட்டிய பிறகு மண்ணை முகர்ந்துகொண்டே நெடுந்தூரம் அலைந்து, வண்டு, கறையான், எறும்பு, மண்புழு, நத்தை, மரவட்டை, சிலந்தி, சில சமயம் தேள், சிறு தவளை, தரையில் கிடக்கும் பறவை முட்டை என்று அகப்பட்டதை எல்லாம் தின்னும். தமிழகத்தின் வறண்ட புதர்க்காடுகளில் வாழும் நம் முள்ளெலிக்கும் பூச்சிதான் முக்கிய உணவு. அதைப் பிடித்துவந்து வளர்க்க எண்ணுவோருக்கு 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

புரதத்தைப் பொறுத்தவரை இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பூனைத் தீனியில் புரதம் 30 முதல் 35 சதவீதமும் கொழுப்பு 15 சதவீதத்துக்குள்ளும் இருந்து, துண்டுகள் சிறியனவாக இருந்தால், இரவில் ஒன்றிரண்டு மேசைக்கரண்டி போதும். விலையும் வசதியும் யாவரும் அறிந்தவை.

என் முடிவைத் தீர்மானித்தது சுண்ணாம்புச் சத்து. எலும்புள்ள பிராணிகளின் உணவில் கால்சியம் பாஸ்பரசுக்குச் சமமாகவோ சற்று மிகுந்தோ இருக்க வேண்டும். பூச்சிக்கு எலும்பு கிடையாது. அதன் ஓடு கைட்டின் என்னும் பொருளால் ஆனது. ஆகவே பெரும்பாலான பூச்சிகளில் கால்சியத்தைவிடப் பாஸ்பரசே மிகுதி. கடைகளில் கிடைக்கும் மீல்வார்ம் புழுவில் அது பத்து மடங்குக்கும் மேல். இந்த நிலை நீடித்தால் உடல் தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுத்துக்கொள்ளத் தொடங்கும். அப்படியானால் காட்டு முள்ளெலி எப்படிப் பிழைக்கிறது? அது பூச்சியை மட்டும் தின்பதில்லை. மண்புழுவின் வயிற்றில் இருக்கும் மண், வண்டின் குடலில் இருக்கும் இலை, நத்தையின் ஓடு, சுண்ணாம்பு ஏறிய மரவட்டைத் தோடு, சிறு தவளையின் எலும்பு எல்லாம் இரையோடு சேர்ந்தே உள்ளே போகின்றன. வெறும் கோதுமைத் தவிட்டில் வளர்ந்த புழுவின் வயிற்றில் தவிடுதான் இருக்கும். முழு உணவாகத் தயாரிக்கப்படும் பூனைத் தீனியில் இந்த விகிதம் முன்பே சரிசெய்யப்பட்டிருக்கிறது என்பதே அதன் பக்கம் நான் சாய்ந்ததற்குக் காரணம்.

இதற்காகப் பூச்சியை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை. ஓட்டைக் கடித்து மெல்லும் வேலை முள்ளெலிக்குப் பிடிக்கும். கைட்டின் நார்ச்சத்தைப் போல் குடலுக்கு உதவும். லீ பஜாரில் வாங்கிய தவிட்டைத் தட்டில் பரப்பிப் புழுவை நானே வளர்க்கிறேன். கொடுப்பதற்கு ஓரிரு நாள் முன்பிருந்து முருங்கைக்கீரையைப் போட்டுவைத்தால், காம்பை மட்டும் விட்டுவிட்டு இலையை அரித்துத் தின்றுவிடுகின்றன. எடுக்கும்போது அவற்றின் மேல் சிறிது கால்சியம் கார்பனேட் தூளையும் தூவிக் குலுக்குகிறேன். சித்திரை வெயிலில் புழு விரைவிலேயே கூட்டுப்புழுவாகி வண்டாகிவிடும் என்பதால், ஒரு டப்பாவைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டியிருக்கிறது. வீட்டில் அதற்கு அனுமதி வாங்குவது தனிப் பாடு. பாச்சையில், அதாவது சுவர்க்கோழியில், கொழுப்புக் குறைவு, ஆகவே அதுதான் மேல் என்பார்கள். நான் அதைச் சிறிது காலமே வளர்த்தேன். சத்தமும் நாற்றமும் தாங்கவில்லை என்பதற்கு மேல் உறுதியாகச் சொல்ல இயலாது.

முதல் மழைக்கு விளக்கடியில் குவியும் ஈசலை அள்ளிப் போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நம் பக்கத்தில் அதை வறுத்துத் தின்பவர்களே இருக்கிறார்கள் என்றாலும், கறையானுக்கு மருந்து ஊற்றிய எந்தத் தோட்டத்திலிருந்து அது பறந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்து நத்தைக்கும் இதே தடைதான். அதனோடு ஒட்டுண்ணிப் பயமும் சேர்ந்துகொள்கிறது.

இரவெல்லாம் அலையும் பிராணிக்குக் கொழுப்பான புழு செரிக்கும். கூண்டுக்குள் சக்கரம் சுற்றும் பிராணிக்கு அது அக்குளில் மடிப்பாகச் சேரும். சுருளும்போது கால் வெளியே தெரிந்து முழுப் பந்தாக மூட முடியவில்லையென்றால் முதலில் நிறுத்த வேண்டியது புழுவைத்தான். பாலை எந்த வயதிலும் வைக்கக் கூடாது; வயிற்றுப்போக்கு வரும்.

ஏற்காட்டில் வளர்ப்பவர்களுக்கு ஒன்று கூடுதலாகச் சொல்ல வேண்டும். அறையின் வெப்பம் 18 டிகிரிக்குக் கீழே போனால் இந்த ஆப்பிரிக்க இனம் குளிர்கால நெடு உறக்க நிலைக்குள் நழுவ முயலும். அதைத் தாங்கும் உடலமைப்பு அதற்கு இல்லை. மார்கழிக் காலையில் தட்டு தொடப்படாமல் இருந்தால், தீனியை மாற்றிப் பார்ப்பதற்கு முன் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, சில்லென்றிருந்தால் மெல்லச் சூடேற்றி உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். குட்டி ஈன்ற தாய்க்கு இந்த அளவுகள் போதுமா என்பதையும் அவரிடமே கேட்க வேண்டும். என்னுடையது குட்டி போட்டதில்லை.